மேசைக் கதைவிளையாட்டு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் ரோல்பிளேயிங் விளையாட்டைப் பற்றிக் கதை எடுத்தால் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்கிறவர்களின் பேச்சிலேயே அவற்றை எழுதி, எளிதானவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னும் வைத்திருக்கிறோம். பக்கத்தில் கடை இல்லை, டேற்றா கணக்காகத்தான் இருக்கிறது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற நிலையில் தொடங்குகிறவர்களை மனதில் வைத்தே பதில்கள் உள்ளன.

உது என்ன விளையாட்டு? போர்டும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை, என்னத்தை வச்சு விளையாடுறியள்?

பேச்சு, கடதாசி, பென்சில், பகடை. ஒருவர் கதையை நடத்துவார். அவரை டீஎம் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள். டீஎம் நிலைமையைச் சொல்வார், ஆடுகிறவர் தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார். அது நடக்குமா நடக்காதா என்பது உண்மையிலேயே சந்தேகமாக இருந்தால் மட்டும் பகடை உருளும். விழுந்த எண்ணைப் பார்த்து டீஎம் அடுத்த நிலைமையைச் சொல்வார்.

ஒரு துண்டு: "மார்கழி மழை மூன்றாம் நாள். குளக்கட்டு நடுவில் கசிகிறது, கீழே பத்து வீடு. இருட்டப் போகுது. என்ன செய்யிறியள்?" ஒருவர் மண்மூட்டை அடுக்கப் போகிறார், ஒருவர் துருசைத் திறக்க ஓடுகிறார், ஒருவர் வீடு வீடாகப் போய் ஆட்களை எழுப்புகிறார். எழுப்புவதற்குப் பகடை வேண்டாம், அது நடக்கும். துருப்பிடித்த துருசு திறக்குமா என்பதற்கு வேண்டும். இதில் வெல்கிறவர், தோற்கிறவர் என்று யாருமில்லை. கதை எங்கே போய் முடிகிறது என்று எல்லாரும் சேர்ந்து பார்ப்பதுதான் விளையாட்டு.

இது புதுசோ? ஏன் இப்ப எல்லாரும் இதைப் பற்றிக் கதைக்கினம்?

ஐம்பது வருடம் தாண்டியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் இந்த வகையின் முதல் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு இருந்தவை படைகளை நகர்த்தும் போர் விளையாட்டுகள். படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரேயொரு பாத்திரம் என்று ஆனதும், பாத்திரம் ஒரு ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்துக்குத் தொடர்ந்ததும்தான் புதுமை.

பரவலானது கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில்தான். 2014இல் விதிகளை இலகுவாக்கிய அதன் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2015இல் குரல் நடிகர்கள் சிலர் தாங்கள் விளையாடுவதை "கிரிட்டிக்கல் ரோல்" என்று இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். புத்தகம் படித்து விளங்காதவர்களுக்குப் பார்த்தவுடன் விளங்கியது. 2016இல் "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" தொடரில் சிறுவர்கள் மேசையைச் சுற்றி இருந்து ஆடுவதைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் இணையவழி ஆடப் பழகினார்கள். 2023இல் இதே விதிகளில் ஓடும் "போல்டர்ஸ் கேட் 3" என்ற கணினி விளையாட்டு பெருவெற்றி பெற்றது. இங்குள்ள பொடியள் பலர் போனில் அதன் வீடியோக்களைப் பார்த்துத்தான் கேட்கவே தொடங்குகிறார்கள்.

எத்தனை பேர் வேணும்? எவ்வளவு நேரம் இழுக்கும்?

டீஎம்மோடு சேர்த்து நான்கு அல்லது ஐந்து பேர். மூன்று பேரும் போதும். ஏழு பேர் என்றால் ஒருவருடைய முறை முடிந்து மீண்டும் வர இருபது நிமிடம் ஆகிவிடும், அதற்குள் கை போனுக்குப் போகும். எட்டுப் பேர் வந்தால் இரண்டு மேசையாகப் பிரியுங்கள்.

ஒரு ஆட்டத்துக்கு இரண்டரை மணித்தியாலம் வைக்கலாம். பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கினால் கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கும். தொடர்கதையாகத் திட்டமிட வேண்டாம். காலபோக விதைப்பு, தை மாசியில் அரிவு வெட்டு, ரியூசன், ஏஎல் சோதினை என்று வருடம் முழுக்க யாராவது ஒருவர் வரமாட்டார். ஒரே இருப்பில் தொடங்கி முடிகிற கதைகளாக வையுங்கள். பாத்திரங்கள் மட்டும் தொடரட்டும்.

அந்தப் பல மூலை டைஸ் இங்கை எங்கை வாங்கிறது?

முழுத் தொகுதி என்றால் நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகள். இவற்றைத் தேடி அலைந்து தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆறு முகப் பகடையும் ஒரு நாணயமும் இருந்தால் எல்லாவற்றையும் சரியான நிகழ்தகவோடு உருவாக்கலாம். பன்னிரண்டு வேண்டுமா? பகடையையும் நாணயத்தையும் சேர்த்துப் போடுங்கள்; தலை விழுந்தால் எண்ணை அப்படியே எடுங்கள், பூ விழுந்தால் ஆறு கூட்டுங்கள். பத்துக்கு, ஆறு விழுந்தால் மறுபடி உருட்டி ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் எடுத்து, பூ என்றால் ஐந்து கூட்டுங்கள். நான்குக்கு ஐந்தையும் ஆறையும் தள்ளி மறுபடி உருட்ட வேண்டும். எட்டுக்கு அதனோடு நாணயம் சேர்த்து, பூவுக்கு நான்கு கூட்ட வேண்டும்.

இருபதுக்குச் சீட்டுக்கட்டே நல்லது. 304 ஆடுகிற வீட்டில் எப்படியும் ஒரு முழுக்கட்டு இருக்கும். ஜாக், குயின், கிங், ஜோக்கர்களை எடுத்துவிட்டால் மிச்சம் 40 சீட்டு. சிவப்பு என்றால் உள்ள எண், ஏஸ் ஒன்று. கறுப்பு என்றால் பத்துக் கூட்டுங்கள். 1 முதல் 20 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் சரியாக இரண்டு சீட்டு வரும். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். கலக்காமல் எடுத்துக்கொண்டே போனால் பெரிய எண் வந்துவிட்டதா, இனி வருமா என்று ஆட்கள் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள்.

சோழியும் தேய்த்த புளியங்கொட்டையும் தாயத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது. ஐந்து சோழி போட்டால் இரண்டும் மூன்றும் அடிக்கடி வரும், ஐந்தும் பூச்சியமும் அரிது. போதாததற்குச் சோழி இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழாது. மரத்தில் பகடை செதுக்கினால் 120 தடவை உருட்டி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் 20 அளவில் வர வேண்டும். 15, 25 எல்லாம் சாதாரணம். ஏதாவது ஒன்று 35ஐத் தாண்டினால் அந்தப் பகடையை ஒதுக்குங்கள்.

புத்தகம் வாங்காமல் விளையாடலாமோ? போட்டோகொப்பி அடிச்சால் பிழையோ?

வாங்காமலே, சட்டப்படியே ஆடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. அதை வெளியிடும் நிறுவனம் பழைய திறந்த உரிமத்தை மாற்ற முயன்றபோது ஆட்டக்காரர்கள் திரண்டு எதிர்த்ததன் விளைவு அது. மூலத்துக்கு உரிய குறிப்பைப் போட்டால் அந்தத் தொகுப்பை அச்சடிக்கலாம், தமிழாக்கலாம், விற்கவும் செய்யலாம். போர்வீரன், மந்திரவாதி போன்ற பன்னிரண்டு பாத்திர வகுப்புகளும், வகுப்புக்கு ஓர் உட்பிரிவும், மந்திரங்களும், விலங்குகளும் அதில் உண்டு.

கடையில் விற்கும் கெட்டி அட்டைப் புத்தகங்களுக்கு இந்த அனுமதி கிடையாது. அவற்றை முழுதாகப் போட்டோகொப்பி அடிப்பது பிழைதான். இலவசத் தொகுப்பு இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் இலவசத் தொகுப்பும் நானூறு பக்கம் வரும். முதல் நாள் அதைத் திறக்கவே வேண்டாம்.

அப்ப முதல் நாளுக்கு எவ்வளவு விதி காணும்?

ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கம். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010இல் வெளியிட்ட ஓர் ஆட்டத்திலிருந்து பரவிய முறை இது; ஆறு முகப் பகடை இரண்டு போதும். ஒவ்வொருவரும் பலம், வேகம், அறிவு, பேச்சு என்று நான்கு எழுதி, அவற்றுக்கு +2, +1, 0, −1 என்பவற்றைத் தன் விருப்பப்படி பங்கிட வேண்டும். பிறகு பெயர், தொழில், கையில் உள்ள மூன்று பொருட்கள், மேசையில் உள்ள இன்னொரு பாத்திரத்தோடு ஓர் உறவு. இவ்வளவுக்கும் கால் மணித்தியாலம்.

செயல் சந்தேகமானால் இரண்டு பகடையையும் உருட்டி, பொருந்துகிற எண்ணைக் கூட்டுங்கள். 10 அல்லது மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது இழப்பு: நேரம் போகும், பொருள் உடையும், யாரோ பார்த்துவிடுவார். 6 அல்லது கீழ் என்றால் நிலைமை மோசமாகும். காயத்துக்கு மூன்று பெட்டி. மூன்றும் நிரம்பினால் பாத்திரம் அந்தக் காட்சியிலிருந்து விலகும்.

எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் டீஎம்முக்கு உதவும். 36 வாய்ப்பில், கூட்டல் இல்லாதவருக்கு முழு வெற்றி 6, பாதி வெற்றி 15, சறுக்கல் 15. +2 உள்ளவருக்கு அது 15, 15, 6 என்று தலைகீழாகும். −1 என்றால் சறுக்கல் 21. ஆகவே −1 உள்ளவரைத் தவிர மற்ற எவருக்கும் நடுவில் உள்ள பாதி வெற்றி அடிக்கடி வரும், கதையை நகர்த்துவதும் அதுதான். "7 முதல் 9" வரும்போது சொல்ல நான்கைந்து இழப்புகளை டீஎம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாமல் வந்தவர் அந்த இடத்தில் திணறுவார்.

முழுக்கத் தமிழிலை விளையாட ஏலுமோ?

ஏலும், அப்படித்தான் ஆட வேண்டும். வீட்டில் கதைக்கிற தமிழிலேயே ஆடுங்கள். ஆங்கிலத்தில் ஆட முயன்றால் வாய் உள்ளவர்கூட ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார். அரசன், முனிவர் வரும்போது குரலை உயர்த்திச் செந்தமிழில் விளாசுவதும் நன்றாக இருக்கும், கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தானாக வரும். முந்நூறு மந்திரத்தின் பெயரையும் தமிழாக்கிவிட்டுத் தொடங்குவோம் என்று உட்காராதீர்கள். அந்த வேலை முடியாது, ஆட்டமும் தொடங்காது. மேசைக்கு வருகிற சொல்லை மட்டும் வரும்போது தமிழாக்கினால் போதும்.

டீஎம் எண்டால் கூத்து அண்ணாவியார் மாதிரியோ?

பாதி சரி. ஆட்களைச் சேர்ப்பது, யாருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது, ஆட்டம் தொய்யும்போது தூக்கிவிடுவது எல்லாம் அண்ணாவியார் வேலைதான். ஆனால் அண்ணாவியார் கையில் ஏடு இருக்கும்; கோவலன் மதுரையில் வெட்டுப்படுவான் என்பது முதலே தெரியும். டீஎம் கையில் முடிவு இருக்கக் கூடாது. முடிவை எழுதிக்கொண்டு வந்தவர், ஆட்கள் வேறு பக்கம் திரும்பும்போதெல்லாம் மறித்துக்கொண்டே இருப்பார். மூன்றாவது மறிப்போடு எல்லாருக்கும் அலுத்துவிடும்.

தயாரிக்க வேண்டியது ஒரு பக்கம். ஓர் இடம், ஆளுக்கொரு ஆசையோடு மூன்று பேர், யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் படிப்படியாக மோசமாகும் ஒரு சிக்கல். அந்தச் சிக்கலை நான்கு படியாக எழுதுங்கள்: கசிவு, சரிவு, உடைப்பு, வெள்ளம். சறுக்கல் விழும்போதெல்லாம் ஒரு படி நகர்த்தலாம்.

புதிய டீஎம்மார் விடும் பிழைகள் மூன்று. ஒன்று, வர்ணனை. மூன்று வசனத்துக்கு மேல் போனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், மூன்றாவது வசனம் "என்ன செய்யிறியள்?" என்று முடியட்டும். அடுத்தது, எதற்கெடுத்தாலும் உருட்டச் சொல்வது. மூன்றாவதுதான் கதையையே நிறுத்திவிடும்: ஒரே துப்பை ஒரே உருட்டலுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது. உருட்டல் சறுக்கினால் துப்பும் போச்சு, கதையும் போச்சு. முக்கியமான எந்த உண்மைக்கும் மூன்று வழி வையுங்கள். தேநீர்க்கடைக்காரர் சொல்லலாம், சேற்றில் சில்லுத் தடம் இருக்கலாம், பழைய வரைபடம் கிடைக்கலாம்.

டிராகனும் கோட்டையும் எங்களுக்கு ஒட்டேல்லை. வன்னிக் கதையை வச்சு நடத்தலாமோ?

நடத்தலாம், இங்கே பொருள் கொட்டிக் கிடக்கிறது. பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காடு, ஒன்றுக்கொன்று வாய்க்காலால் தொடுத்த குளங்கள், பாலைப்பழக் காலத்தில் இறங்கும் கரடி. யானையை வெட்டி வீழ்த்தும் எதிரியாக வைக்காதீர்கள். குளக்கட்டு உதாரணத்தில் சொன்ன நான்கு படியை அதற்கும் போடுங்கள்: காது விரிகிறது, மண் வாரி எறிகிறது, பொய்யாய்ப் பாய்கிறது, உண்மையாய்ப் பாய்கிறது. பாத்திரங்களின் கையில் ஒரேயொரு யானைவெடி. எப்போது கொளுத்துவது என்ற வாக்குவாதம் மட்டும் அரை மணித்தியாலம் ஓடும்.

பண்டார வன்னியனை வைக்க விரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803இல். அதே வருடம் அக்டோபர் 31 அன்று வொன் டிறிபேர்க் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அவனைத் தோற்கடித்ததைச் சொல்லி ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் கல் நட்டார்கள். முடிவு எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் அவனையே பாத்திரமாகக் கொடுக்காதீர்கள். ஆடுகிறவர்கள் ஓலை கொண்டுபோகிறவராக, காட்டு வழி காட்டுகிறவராக, கோட்டைக்குள் சமையல் செய்கிறவராக இருக்கட்டும். அவர்களுக்கு என்ன நடந்தது என்று எந்தக் கல்லிலும் எழுதியில்லை.

கும்பிடுகிற தெய்வங்களுக்குக் காயப்பெட்டி போடக் கூடாது. வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைக்கிற குடும்பத்துப் பிள்ளையும் மேசையில் இருக்கும். கோயிலும் பொங்கலும் கதை நடக்கிற இடமாக வரலாம்.

கதைக்குள்ளை யுத்தம் வந்தால்? எங்கடை மேசையிலை எல்லாரும் எதையோ இழந்த ஆக்கள்தானே.

இந்தப் பக்கத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. வேறு ஊரில் பங்கர், செல், காணாமல் போன மகன் என்பவை கதைப்பொருள். இங்கே அவை மேசையில் இருப்பவரின் வீட்டுச் சங்கதி. 2009ஐ நேரில் கண்டவரும் அதற்குப் பிறகு பிறந்தவரும் ஒரே மேசையில் இருப்பார்கள், யாருக்கு எது சுடும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டு, ஒரே நிறப் பேனை. கதையில் வரவே கூடாதவற்றைப் பெயர் போடாமல் எழுத வேண்டும்; ஒன்றும் இல்லாதவரும் "இல்லை" என்று எழுதி மடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். டீஎம் எல்லாவற்றையும் கலந்து வாசித்து, அவை வராது என்று சொல்ல வேண்டும். பேரம் பேசக் கூடாது. சிலவற்றை "நடந்தது, ஆனால் காட்டமாட்டோம்" என்று திரைக்குப் பின்னால் வைக்கலாம்.

பிறகு மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு மட்டை. ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கி உலகம் முழுக்கப் புழங்குகிற முறை அது. ஆட்டத்தின் நடுவில் யாராவது அதைத் தொட்டால், அந்தக் காட்சி அப்படியே நிற்கும், கதை வேறு இடத்தில் தொடரும். "ஏன்?" என்று யாரும் கேட்கக் கூடாது, ஆட்டம் முடிந்து வழியில் போகும்போதும் கேட்கக் கூடாது. தொடக்கத்திலேயே டீஎம் சும்மா ஒருமுறை தொட்டுக் காட்டினால் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும். இது மருத்துவம் இல்லை. யாராவது உண்மையிலேயே உடைந்து போனால் ஆட்டத்தை நிறுத்தி, அவருக்கு நெருக்கமானவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று: பாத்திரங்கள் காட்டில் எதையோ தேடுகிற கதையைச் சின்னப் பிள்ளைகள் பிறகு வெளியில் போய் நடித்துப் பார்ப்பார்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்கள் வன்னியில் இன்னும் உண்டு. பிள்ளைகள் உள்ள மேசையில் புதைந்ததைத் தோண்டும் கதை வேண்டாம்.

பேய் பிசாசு விளையாட்டு எண்டு வீட்டிலை பேசுகினம். என்ன சொல்லுறது?

இந்தப் பயம் அமெரிக்காவில் 1980களில் பெரிதாகக் கிளம்பியது. 1979இல் ஒரு பல்கலைக்கழக மாணவர் காணாமல் போனபோது இந்த விளையாட்டில்தான் பழி விழுந்தது. காரணம் அவருடைய மனச்சோர்வும் வேறு துன்பங்களும் என்று பின்னர் தெரிந்தது. 1983இல் விளையாட்டை எதிர்க்கவே ஓர் அமைப்புத் தொடங்கினார்கள். எதிர்ப்புக்கு அஞ்சி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் பேய், சாத்தான் என்ற பெயர்களையே அதை அப்போது வெளியிட்ட நிறுவனம் எடுத்துவிட்டது. ஆடியதால்தான் கெட்டார்கள் என்பதற்கு ஆதாரம் வரவில்லை.

வீட்டில் வரலாறு சொல்லி வாதாடுவதைவிட, ஒரு பின்னேரம் அம்மாவையோ மாமாவையோ மேசையில் இருக்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் குளக்கட்டுக் கதையை வையுங்கள்.

படிப்புக் கெடாதோ?

மாதத்துக்கு இரண்டு பின்னேரம் என்றால் கெடாது. சோதினைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

பெரிய அண்ணா ஒராள்தான் எல்லாம் கதைக்கிறார். சின்னாக்கள் வாய் திறக்கினமில்லை.

இங்கே இது சாதாரணம். வயதில் மூத்தவரை மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் மேசையிலும் அப்படியே இருப்பார்கள். ஆட்டம் நடக்கும்போது உறவுமுறை சொல்லாமல் பாத்திரத்தின் பெயரால் மட்டும் அழைப்பது என்று விதி வையுங்கள். "அண்ணா" என்று மறுக்க வராத பிள்ளை, "வேலா, அந்தப் பாதை சரியில்லை" என்று சொல்லும். இடமிருந்து வலமாக முறை வையுங்கள். பேசாதவரிடம் "என்ன செய்யப் போறாய்?" என்று பொதுவாகக் கேட்டால் தலையைக் குனிவார், "கதவைத் தட்டுறியா, ஜன்னலாலை பார்க்கிறியா?" என்று கேட்டால் பதில் வரும்.

பெண்பிள்ளைகள் வர வேண்டுமென்றால் இடமும் நேரமும் முக்கியம். சனசமூக நிலையம் அல்லது வாசிகசாலை, கதவு திறந்தபடி, பகல் வேளை. யாரோ ஒருவர் வீட்டு அறை என்றால் கேட்காமலே நின்றுவிடுவார்கள்.

கனடா, லண்டனிலை இருக்கிற மச்சான்மாரோடை ஒன்லைனிலை ஆடலாமோ?

சனிக்கிழமை இரவு 7:30க்கு வையுங்கள். குளிர்காலத்தில் அது லண்டனில் பின்னேரம் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9. கோடையில் இரண்டு இடத்திலும் ஒரு மணி கூடும். குரல் மட்டும் போதும். வீடியோவை நிறுத்தினால் டேற்றாவும் மிஞ்சும், இணைப்பும் அறாது. வரைபடம் காட்டும் மேசைத் தளங்கள் சாதாரண போனில் திணறும். கீறிய படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டாலே காணும். பகடையை எல்லாருக்குமாக ஒருவர் உருட்டி எண்ணைச் சொல்லட்டும். முன்னே சொன்ன பெருக்கல் மட்டைக்குப் பதில் டீஎம்முக்குத் தனியாக ஒரு "x" அனுப்பினால் போதும்.

கதை கெடப் போகுதெண்டால் டீஎம் பகடையை மறைச்சு எண்ணை மாத்தலாமோ?

கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. மறைத்து உருட்டி மாற்றும் டீஎம்மார் உலகெங்கும் உண்டு, அதற்கு நியாயமும் சொல்வார்கள். ஆனால் ஒருமுறை பிடிபட்டால் அதன் பிறகு எந்த வெற்றியிலும் சுவை இராது. விழக்கூடிய எண் ஒன்றை ஏற்க முடியாதென்றால் உருட்டச் சொல்லாதீர்கள், நடந்ததாகவே சொல்லிவிடுங்கள். பகடையை எல்லாருக்கும் தெரிய மேசை நடுவில் உருட்டுங்கள். பாத்திரம் சாகும் ஆபத்து இருந்தால் உருட்டுமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இது சறுக்கினால் செத்துப் போவாய், செய்யிறியா?" தெரிந்தே எடுத்த முடிவை யாரும் குறைசொல்லமாட்டார்கள்.

நாலைஞ்சு தரம் ஆடியாச்சு. இனிப் பெரிய விதிக்கு மாறலாமோ?

மாறலாம். மேலே சொன்ன இலவசத் தொகுப்பில் முதலாம் நிலையிலிருந்து தொடங்குங்கள். டீஎம் நான்கு பாத்திரத்தை முன்பே நிரப்பிக்கொண்டு வரட்டும்: போர்வீரன், கள்ளன், பூசாரி, மந்திரவாதி. முன்பு எழுதிய பலம், வேகம் போல இங்கே வரும் ஆறு தகுதிகளுக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களைப் பங்கிட வேண்டும். தகுதியிலிருந்து 10ஐக் கழித்து இரண்டால் வகுத்துக் கீழ்ப்பக்கம் முழுமையாக்கினால் கூட்டெண் வரும். 15க்கு +2, 8க்கு −1. இருபது முகப் பகடையோடு, அல்லது 40 சீட்டோடு, அதைக் கூட்டி இலகுவானதற்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20 என்ற இலக்கை எட்ட வேண்டும். சாதகமான நிலை என்றால் இரண்டு முறை எடுத்துப் பெரியதை வையுங்கள், சராசரி 10.5இலிருந்து 14க்குக் கிட்ட உயரும்.

பழகிய ஒன்று இங்கே இல்லாமல் போகும். பாதி வெற்றி இந்த விதியில் இல்லை. இலக்கை எட்டினால் நடக்கும், எட்டாவிட்டால் நடக்காது. அதனால் ஆட்டம் சில இடங்களில் வெறுமனே நிற்கும். இலக்குக்கு ஒன்றிரண்டு குறைந்தால் "நடக்கிறது, ஆனால்" என்ற பழைய வழக்கத்தைத் தொடரலாம். மந்திரவாதியை, முதல் இரண்டு ஆட்டத்துக்கு, விதியைப் பொறுமையாக வாசிக்கிறவருக்கே கொடுங்கள். ஒவ்வொரு மந்திரத்தையும் தனித்தனி மட்டையில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தால் பக்கம் புரட்டும் நேரம் மிஞ்சும்.